நூலக பீரியடும் பீரோ சாவியும்

திருவண்ணாமலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கார்த்திகை தீபம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, ரமணாசிரமம். இந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, ஜவ்வாது மலை என்று விரிந்து கிடக்கும் ஒரு பெரிய கிராமப்புற மாவட்டத்தின் தலைநகர் இது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்து 1989 செப்டம்பர் 30 அன்று இந்த மாவட்டத்தை உருவாக்கினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே எழுத்தறிவு 74.21 சதவீதம். மாநில சராசரி 80.09. இந்த ஆறு சதவீத இடைவெளிக்குப் பின்னால் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு எந்தப் புத்தகமும் வாசலைத் தாண்டி உள்ளே வராத எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அப்பா அம்மா பள்ளிக்கூடம் போகாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் ஒன்று கையில் கிடைக்க வேண்டுமென்றால் பள்ளி நூலகத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

அந்தப் பள்ளி நூலகம் எப்படி இருக்கும்? தமிழ்நாட்டில் படித்த யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே கதையைத்தான் சொல்வார்கள். டைம் டேபிளில் வாரத்துக்கு ஒரு நூலக பீரியட் இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கணக்கு சார் உள்ளே வந்து, "போர்ஷன் முடியல, நோட்டை எடுங்க" என்பார். நூலகம் என்பது ஹெச்.எம். அறையிலோ ஸ்டாஃப் ரூமிலோ நிற்கும் ஓர் இரும்பு பீரோ. கண்ணாடிக் கதவு வைத்த பீரோவாக இருந்தால் புத்தகங்களின் முதுகையாவது பார்த்துக்கொள்ளலாம். சாவி யாரிடம் இருக்கிறது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது!

வேடிக்கை என்னவென்றால், நூலகத்தின் பூட்டைத் திறந்து வையுங்கள் என்று இந்தியாவுக்கே சொல்லிக்கொடுத்தவர் ஒரு தமிழர். அதுவும் ஒரு கணக்கு வாத்தியார்.

சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டார். வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே அந்தத் தனிமை தாங்காமல், மறுபடி வகுப்பறைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுவிட்டார். மாணவர் முகங்களைப் பார்த்துப் பழகியவருக்கு ஆளில்லாத புத்தக அறை எப்படிப் பிடிக்கும்? லண்டன் போய் நூலகக் கல்வி படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லையென்றால் திரும்பி வந்துவிடலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே அவர் பல ஊர்களின் பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகள் தாங்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுப்பதையும், சாதாரணத் தொழிலாளர்கள் மாலையில் வந்து படிப்பதையும் கண்டார். (புகழ்பெற்ற கோலன் பகுப்பு முறைக்கான யோசனை அவருக்கு ஒரு லண்டன் கடையில் விற்றுக்கொண்டிருந்த மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது வந்தது என்பது தனிக்கதை.) 1925ல் ஊர் திரும்பியவர் அதன்பின் வகுப்பறை வேலையைக் கேட்கவே இல்லை. 1944 வரை அந்த நூலகத்திலேயே இருந்தார்.

அவருடைய ஐந்து விதிகள் 1931ல் நூலாக வந்தன. முதல் விதி கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காக, அவ்வளவுதான். இதைப் போய் ஒரு விதி என்று எழுத வேண்டுமா என்று தோன்றும். ஆனால் அவர் அந்த அத்தியாயத்தை ஆரம்பிப்பதே ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டிவைத்திருந்த வழக்கத்தில்தான். கையெழுத்துப் பிரதிகள் கிடைப்பதற்கு அரிதாக இருந்த காலத்தில் அந்தச் சங்கிலிக்கு ஒரு நியாயம் இருந்தது. அச்சு இயந்திரம் வந்து புத்தகம் மலிந்த பிறகும் காப்பாற்றிப் பூட்டி வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகர் ஒருவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் அவர் மிகுந்த சந்தோஷத்தோடு வேகமாக நடந்து போனாராம். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "எல்லாப் புத்தகமும் உள்ளே வந்துவிட்டது, இரண்டு மட்டும் பேராசிரியர் அகாசியிடம் இருக்கிறது, அதையும் வாங்கத்தான் போகிறேன்" என்றாராம். நம் ஊர்ப் பள்ளிகளில் இந்த நூலகரைச் சந்திக்காதவர் யார்?

ரங்கநாதன் வெறும் விதி எழுதுகிறவராக இருக்கவில்லை. 1928ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1929ல் நூலகப் பயிற்சிக்கான கோடைப் பள்ளி வந்தது. 1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கத்தில் மேலவாசல் கிராமத்தில் ஒரு மாட்டுவண்டி நூலகம் ஓட ஆரம்பித்தது. அதை ஏற்படுத்தியவர் ராவ் பகதூர் கனகசபைப் பிள்ளை, தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். இதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே பரோடா சமஸ்தானத்தில் மன்னர் சாயாஜிராவ் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலகரை வரவழைத்து, மரப்பெட்டிகளில் புத்தகம் நிரப்பிக் கிராமங்களுக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்திருந்தார். அங்கே செலவு செய்ய ஒரு மகாராஜா இருந்தார். மன்னார்குடியில் இரண்டு மாடும் ஒரு வண்டியும்தான். பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942ல் ரங்கநாதன் தனியாக ஒரு புத்தகமும் எழுதினார்.

அடுத்தது 1948. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கும் வரி வசூலித்து, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைத்து ஊர் ஊராக நூலகம் திறக்க இந்தச் சட்டம் வழி செய்தது. திருவண்ணாமலை அப்போது வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று கிராமங்களில் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று பார்ப்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள்தான்.

ஆனால் சட்டத்தின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அது பொது நூலகச் சட்டம். பள்ளி நூலகத்துக்கு அந்த வரிப் பணத்தில் பங்கு இல்லை. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 1972 வரை பொது நூலகத்துறைக்குத் தனி இயக்குநரே கிடையாது. பள்ளிக் கல்வி இயக்குநர்தான் அதையும் சேர்த்துப் பார்த்தார். காமராஜர் காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. மதிய உணவுத் திட்டத்துக்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கும் பின்னால் நின்று உழைத்த அதிகாரி அவர். பள்ளிகளையும் நூலகங்களையும் ஒரே அதிகாரி பார்த்த காலம் அது. இருந்தும் இரண்டும் தனித்தனி வண்டியாகவே ஓடின. 1972ல் துறை பிரிந்து, நூலகக் கல்வி பயின்ற வே.தில்லைநாயகம் முதல் இயக்குநராக வந்தபோது, பள்ளி பீரோ நிரந்தரமாகவே அந்தப் பக்கம் தங்கிவிட்டது.

பள்ளி பீரோவின் நிலைமை யாருக்கும் தெரியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. 1952ல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார். 1953ல் வந்த அந்த அறிக்கையில் பள்ளி நூலகங்களைப் பற்றிய பகுதியை இன்று படித்தாலும் நேற்று எழுதியது போலிருக்கும். பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. இருக்கிற புத்தகங்களும் பழசு, பிள்ளைகளின் வயதையோ ரசனையையோ யோசித்து வாங்காதவை. வைத்திருக்கும் அறை களையில்லாத அறை. பொறுப்பாளர் ஒரு குமாஸ்தா, அல்லது வேண்டா வெறுப்பாகக் கூடுதல் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர். இதுதான் அந்தக் குழு கண்டது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும், வகுப்புக்கு வகுப்பு சிறிய வகுப்பறை நூலகம் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. எழுபது வருடங்கள் கடந்துவிட்டன. எந்த அரசுப் பள்ளியின் வாசலிலும் நின்று, இங்கே நூலகர் யார் என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் தமிழ் ஐயாவையோ உடற்கல்வி ஆசிரியரையோதான் கைகாட்டுவார்கள்.

சரி, ஆசிரியர்கள் ஏன் பூட்டுகிறார்கள்? பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று எந்த ஆசிரியரும் நினைப்பதில்லை. காரணம் பீரோவுக்குள்ளேயே, மேல் தட்டில் இருக்கிறது. அதற்குப் பெயர் ஸ்டாக் ரெஜிஸ்டர். பள்ளிக்கு வரும் ஒவ்வொரு புத்தகமும் நாற்காலி, மேஜை, குளோப் போல இருப்புப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றப்படும். ஆண்டாய்வுக்கு அதிகாரி வரும்போது அந்த எண்களைச் சரிபார்ப்பார். ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போதும் ஓய்வு பெறும்போதும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும், பல நேரம் சொந்தப் பணத்தைப் போட்டு ஈடுகட்டவும் வேண்டும். ஆனால் ஒரு வருடம் முழுக்க ஒரு புத்தகம்கூட வெளியே போகவில்லை என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை! கொடுத்தவருக்குக் கேள்வி, கொடுக்காதவருக்கு நிம்மதி. இப்படி ஒரு ஏற்பாட்டில் எந்த மனிதரும் சாவியைப் பத்திரமாகத்தான் வைத்துக்கொள்வார்.

இதற்கு நல்ல உதாரணம் 1987ல் வந்த கரும்பலகைத் திட்டம். 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பிக்கும் சாதனங்கள் என்று கொடுத்தார்கள். அந்தச் சாதனங்களோடு புத்தகங்களும் வந்தன. பல இடங்களில் பெட்டியும் புத்தகமும் வந்த கோலத்திலேயே உள்ளே வைத்துப் பூட்டப்பட்டன. உடைந்தால், கிழிந்தால் யார் பொறுப்பு என்ற அதே பயம்.

இந்த இடத்தில் ஒரு வாதம் வரும். படிப்பதில் நாட்டமே இல்லாத ஊரில் பீரோவைத் திறந்து வைத்து என்ன ஆகப்போகிறது என்பார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தைத் தெரிந்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். இந்த மண் கூத்து மண். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக ஆடப்படும். நாள் கணக்கில் நடந்து, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். யோசித்துப் பார்த்தால் ஒரு புத்தகத்தை ஊரே உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை கேட்கிறது. எத்தனை நகரத்து வாசகர் வட்டங்களால் இது முடியும்? செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்துக் கூத்துக் குழு, கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதையை, பெரிய சிறகுகளோடு ஒரு கிழவன் வானத்திலிருந்து விழும் அந்தக் கதையை, தெருக்கூத்தாகவே ஆடியிருக்கிறது. கதைப் பசி இங்கே எப்போதும் இருந்தது. காதால் கேட்ட கதையைக் கண்ணால் படிக்கும் புத்தகத்தோடு இணைக்கும் பாலம்தான் இல்லை.

அந்தப் பாலத்தைப் போட முயன்றவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். திருவண்ணாமலை நகரம் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இலக்கிய இரவுகளுக்குப் பெயர்போனது. விடிய விடிய பாட்டு, நாடகம், பேச்சு, பக்கத்திலேயே புத்தகக் கடை. எழுத்தாளர் பவா செல்லதுரை, மேடையில் நின்று மற்ற எழுத்தாளர்களின் கதைகளைச் சொல்வதையே ஓர் இயக்கம் போலச் செய்துவருகிறார். வம்சி புக்ஸ் பதிப்பகமும் இதே ஊரில்தான் இருக்கிறது. கதையைக் கேட்டவர்கள் அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பள்ளியில் இதற்குச் செலவே கிடையாது. ஓர் ஆசிரியர் கதையைப் பாதி சொல்லிவிட்டு, மீதி இந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று மேஜை மேல் வைத்துவிட்டுப் போனால் போதும்.

பிள்ளைகள் படிக்கத் தமிழில் ஏதாவது இருந்ததா என்றால், நிறையவே இருந்தது. 1947ல் அம்புலிமாமா, 1950ல் கண்ணன், 1972ல் கோகுலம், 1984ல் வாண்டுமாமாவின் பூந்தளிர். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதிய அழ.வள்ளியப்பா 1950ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையே உருவாக்கினார். பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு குழந்தைகளுக்கென்று பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சோவியத் புத்தகங்கள் வழவழ தாளில், வண்ணப் படங்களோடு, மிட்டாய் விலையில் கிடைத்தன. 1991ல் சோவியத் யூனியனோடு அவையும் போய்விட்டன. இவ்வளவும் வீட்டில் யாராவது வாங்கிக் கொடுத்த பிள்ளைகளுக்குக் கிடைத்தன. வாங்கிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய இடம் பள்ளிதானே?

பூட்டு உண்மையிலேயே அசைய ஆரம்பித்தது 2000களில்தான். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08ல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளைகள் தரையில் குழுவாக உட்கார்ந்து, தங்கள் அட்டையைத் தாங்களே எடுத்துப் படிக்கும் முறை அது. அந்த முறையின் குறை நிறைகளை இன்னும் விவாதிக்கிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் பிள்ளை எழுந்து போய்த் தானே ஒரு பொருளை எடுக்கலாம் என்பது வகுப்பறையில் வழக்கமானது. அதை ஒட்டியே 'புத்தகப் பூங்கொத்து' என்ற பெயரில் சிறு புத்தகங்கள் வகுப்பறைக்குள் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டன. 1953ல் முதலியார் குழு உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கேட்ட வகுப்பறை நூலகம், அரை நூற்றாண்டு தாண்டித் தொடக்கப் பள்ளி வழியாக வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

கொரோனாவுக்குப் பிறகு வேகம் கூடியது. 2021ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. 2022ல் மாணவர்களுக்காக ஊஞ்சல், தேன்சிட்டு என்ற இதழ்கள் பள்ளிக்கே வர ஆரம்பித்தன. அதே வருடம் எல்லா மாவட்டங்களிலும் புத்தகக் காட்சி நடத்த அரசு முடிவு செய்தது. 2023ல் வந்த வாசிப்பு இயக்கம் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. இதில் பாராட்ட வேண்டிய விஷயம், வகுப்பை வைத்துப் பிரிக்கவில்லை என்பது. எட்டாம் வகுப்புப் பையன் 'நுழை' புத்தகம் எடுக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் என்று யாரும் கேலி செய்ய மாட்டார்கள், ஏனென்றால் புத்தகத்தின் மேல் வகுப்பு எண் இல்லை. ரங்கநாதன் தன் இரண்டாவது விதியில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு என்ற பொருளில் எழுதியதும் இதைத்தான்.

2022ல் அறிவித்த இன்னொரு திட்டம் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. நூலகப் புத்தகத்தைப் படித்து விமர்சனம் எழுதி, பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று போட்டிகளில் வென்று மாநில அளவில் தேர்வானால் வெளிநாட்டுச் சுற்றுலா! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நூலக பீரியடைக் கணக்கு சாரிடமிருந்து மீட்டுக் கொடுத்த பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளை ஏற்கெனவே வாசகர்தான். கடைசி பெஞ்சில் 'நுழை' புத்தகத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு அந்த விமானம் எட்டாது. இந்த விஷயத்தில் ஈரோடு புத்தகத் திருவிழாவின் உண்டியல் யோசனை கெட்டிக்காரத்தனமானது. 2005ல் தொடங்கிய அந்தத் திருவிழாவுக்காக மாணவர்களுக்கு உண்டியல் கொடுத்துச் சில்லறை சேர்க்கச் சொன்னார்கள். தன் காசில் தானே பொறுக்கி எடுத்த புத்தகத்துக்கு யாரும் விமர்சனம் எழுதச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கேரளத்தில் நூலக இயக்கத்தை ஊர் ஊராக வளர்த்த பி.என்.பணிக்கர் இறந்த ஜூன் 19ஆம் தேதியை 1996லிருந்து வாசிப்பு தினமாகப் பள்ளிகளில் கொண்டாடுகிறார்கள். அங்கே வாசிப்பு ஊர் விஷயம். நம் ஊரில் அது இன்னும் கல்வித்துறையின் சுற்றறிக்கை விஷயமாகவே இருக்கிறது.

எத்தனை சுற்றறிக்கை வந்தாலும் ஸ்டாக் ரெஜிஸ்டர் பயம் போகாமல் பீரோ முழுதாகத் திறக்காது. இதற்கு ஒரு வழி அரசாங்க விதிகளிலேயே இருக்கிறது என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017 நூலகங்களைப் பற்றி ஒன்று சொல்கின்றன. ஒரு வருடத்தில் இரவல் கொடுத்த, எடுத்துப் பார்த்த ஒவ்வொரு ஆயிரம் புத்தகத்துக்கும் ஐந்து காணாமல் போவது இயல்பான இழப்பு. நேர்மைக் குறைவோ அலட்சியமோ இல்லாதவரை அதற்கு யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. ஆனால் அதன் கணக்கைக் கவனிக்க வேண்டும். பீரோவில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதை வைத்து அல்ல, எத்தனை முறை வெளியே போனது என்பதை வைத்து அந்த ஐந்து கணக்கிடப்படுகிறது. கொடுக்கக் கொடுக்கச் சலுகை கூடும். பூட்டியே வைத்தால் சலுகையும் பூஜ்யம்.

கணக்கு சார் பாணியிலேயே போட்டுப் பார்க்கலாம். 40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பு. வாரம் ஆளுக்கு ஒரு புத்தகம், வருடத்தில் 40 வாரம். மொத்தம் 1600 முறை புத்தகம் கைமாறுகிறது. ஆயிரத்துக்கு ஐந்து என்றால் எட்டுப் புத்தகம். ஒன்று 50 ரூபாய் என்று வைத்தாலும் 400 ரூபாய். சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி நூலகத்துக்கென்று வருடத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அந்த எட்டும் பெரும்பாலும் எங்கேயும் போயிருக்காது. செங்கத்திலோ ஜமுனாமரத்தூரிலோ ஒரு வீட்டில், டிவிப் பெட்டிக்கு மேலே, அட்டை கிழிந்து கிடக்கும். அக்கா கொண்டுவந்ததைத் தம்பி எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பான்.